தூணின் காலடிக் கல்: வாவிப் பாலங்களில் நீருக்கடியில் அளவை எடுக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெள்ளம் வடிந்து இரண்டு கிழமை கழித்துப் பாலத்தூணைச் சுற்றி ஆழம் பார்த்தால், பெரும்பாலும் தரை ஒழுங்காகத்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு 'பாதிப்பில்லை' என்று எழுதிக் கொடுப்பதுதான் இந்த வேலையில் புதியவர்கள் விடும் பெரிய பிழை. வெள்ளம் உச்சத்தில் ஓடும்போது தூணின் காலடியில் குழி விழுகிறது. ஓட்டம் தணியத் தணிய, மேலிருந்து வரும் மண்ணும் சேறும் அதே குழியை நிரப்பிவிடுகின்றன. நிரம்பிய மண் தளர்ந்தது, தூணைத் தாங்காது. அடுத்த வெள்ளம் வந்ததும் முதலில் போவதும் அதுதான். ஆகவே இன்று தெரியும் தரையை அளப்பது பாதி வேலை. அதற்குக் கீழே வெள்ளத்தன்று தரை எங்கே இருந்தது, காவலுக்குப் போட்ட கல் இப்போது எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிப்பது மீதிப் பாதி.

எந்தப் பாலங்கள், எந்த நீர்

மட்டக்களப்பில் 1924இல் கட்டிய கல்லடி இரும்புப் பாலமும், அதன் பக்கத்தில் 2013இல் திறந்த புதுப் பாலமும், 2014இல் திறந்த மண்முனைப் பாலமும், பட்டிருப்பு, ஓட்டமாவடி, கல்லாற்றுப் பக்கத்துப் பாலங்களும், அம்பாறையில் பொத்துவிலுக்குத் தெற்கே அறுகம்பேப் பாலமும் வாவி, களப்பு, ஆற்றுவாய் ஆகியவற்றின் மேல் நிற்பவை. இங்கே சொல்வது அவற்றில் ஏதாவது ஒன்றின் இன்றைய நிலையைப் பற்றியல்ல. இப்படிப்பட்ட நீரில் எந்தப் பாலத்தையும் எப்படி அளப்பது என்பதைப் பற்றியது.

இந்த நீருக்கு ஒரு குணம் உண்டு. கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டுவிடும், வாவி குளம் மாதிரி அசையாமல் கிடக்கும். மாரியில் நவம்பர் முதல் ஜனவரி வரை மழைநீர் ஏறும். வயலும் வீடும் மூழ்கத் தொடங்கினால் முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். வெட்டியதும் தேங்கி நின்ற நீர் முழுவதும் கடலை நோக்கி இழுபடும். பாலத்தடியில் ஓட்டம் மிகக் கடுமையாக இருப்பது பெரும்பாலும் அப்போதுதான், நீர்மட்டம் ஆக உயர்ந்து நின்ற நாளில் அல்ல. அதனால் அளவைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் மழை அளவுக்கு முன்னால் முகத்துவாரம் வெட்டிய திகதியை எழுதுங்கள். பின்னால் வருகிறவருக்கு அதைவிடப் பயனுள்ள தகவல் வேறில்லை.

அளப்பதற்கு ஆண்டுக்கு இரண்டு தடவை போதும். செப்டெம்பரில் மாரிக்கு முன் ஒன்று, பெப்ரவரி கடைசியில் அல்லது மார்ச்சில் நீர் தெளிந்த பின் ஒன்று. பெருவெள்ளம் வந்தால், ஓட்டம் இறங்கத்தக்க அளவுக்குத் தணிந்த உடனே மூன்றாவதாக ஒன்று.

குழி எப்படி விழுகிறது, கல் எப்படிப் போகிறது

ஓடிவரும் நீர் தூணின் முன்முகத்தில் முட்டியதும் ஒரு பங்கு கீழ்நோக்கிப் பாய்ந்து தரையைக் குடையும். குடைந்த நீர் தூணின் இரு பக்கமும் லாட வடிவில் சுழன்று மண்ணை வாரிக்கொண்டு போகும். எனவே ஆக ஆழமான இடம் அனேகமாக நீர் வந்து மோதும் முகத்திலும் அதன் இரு தோள்களிலும் இருக்கும், பின்பக்கம் மண் மேடாகக்கூடத் தெரியும். வட்டத் தூணாக இருந்து ஓட்டம் நேராக வந்தால், குழி தூணின் அகலத்தைப் போல ஏறக்குறைய 2.4 மடங்கு வரை போகலாம் என்பது வடிவமைப்பில் பாவிக்கும் கணக்கு. 1.5 மீற்றர் தூணுக்கு அது 3.6 மீற்றர். ஆற்றுவாழையும் முறிந்த மரமும் தூணில் அடைந்து கிடந்தால் தண்ணீருக்குத் தூண் அவ்வளவு அகலமானதாகவே படும், குழியும் அதற்கேற்ப ஆழமாகும். தூணில் சிக்கியிருக்கும் குப்பையின் அகலத்தையும் அளந்து எழுதச் சொல்வது அதனால்தான்.

இந்த அரிப்பைத் தடுக்கத் தூணைச் சுற்றி உடைத்த கருங்கல்லோ, கம்பிக்கூட்டில் அடைத்த கல்லோ பரப்பியிருப்பார்கள். பரவலாகப் பின்பற்றும் விதிப்படி, கல்விரிப்பு தூணின் முகத்திலிருந்து எல்லாப் பக்கமும் தூண் அகலத்தின் இரண்டு மடங்கு தூரம் போகவேண்டும். தடிப்பு நடுத்தரக் கல்லின் அளவைப் போல மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது, நீருக்கடியில் கொட்டுவதானால் அதற்கு மேல் பாதி கூட்டவேண்டும். கல்லின் மேல்முகம் சுற்றுத் தரையோடு மட்டமாக இருக்கவேண்டும், மேடாகக் குவிந்திருக்கக் கூடாது.

கல் போவது நாலு விதமாக நடக்கும். அளவு போதாத கல்லை ஓட்டமே உருட்டிவிடும். அல்லது கல் இருந்த இடத்திலேயே இருக்க, அடியிலுள்ள மணல் இடுக்குகள் வழியாக உறிஞ்சப்பட்டு, விரிப்பு முழுவதும் மெல்ல அமிழும். அடியில் வடிதுணி (நீரை விட்டு மணலைத் தடுக்கும் துணி) போடாத இடங்களில் இது சாதாரணம். மூன்றாவது, விரிப்பின் வெளி ஓரத்தில் தரை இறங்கி ஓரக்கற்கள் ஒவ்வொன்றாக உருண்டு விழும். நாலாவது, ஆற்றடி மணல் அலைமேடுகளாக நகரும்போது இரண்டு மேட்டுக்கு நடுவில் வரும் பள்ளம் விரிப்பின் கீழே புகுந்து குலைத்துவிடும். இந்த நாலில் எது நடந்தது என்று சொல்லத் தெரிந்தால்தான் அறிக்கைக்கு மதிப்பு. 'கல் குறைந்துள்ளது' என்று மட்டும் எழுதினால், அதைப் படிப்பவர் இன்னும் பத்து லொறிக் கல்லைக் கொட்டச் சொல்வார், அதுவும் அதே வழியில் போகும்.

இறங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

பாலத்தைப் பராமரிக்கும் அலுவலகத்தின் எழுத்து மூல அனுமதி முதலில் வேண்டும். பெரும்பாலும் அது வீதி அபிவிருத்தி அதிகார சபை. கட்டி முடித்தபடி வரைந்த வரைபடத்தையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள். அதில் பார்க்கவேண்டியவை: பைல் தலையின் (தரைக்குள் இறக்கிய பைல் கம்பங்களை மேலே இணைத்துத் தூணைத் தாங்கும் கொங்கிறீற்றுக் கட்டை) அடிமட்டம், பைல் முனை இறங்கிய மட்டம், வடிவமைப்பில் எடுத்த அரிப்பு மட்டம், கல்லின் அளவு, விரிப்பின் எல்லை, வடிதுணி உண்டா இல்லையா. பழைய பாலத்துக்கு வரைபடம் கிடைக்காமல் போகலாம். அப்படியானால் உங்கள் முதல் அளவைதான் இனி எல்லாவற்றுக்கும் அடிப்படை, அதை அவசரப்பட்டு எடுக்காதீர்கள்.

அந்த இடத்து மீனவர் சங்கத்திடம் ஒரு நாள் முன்னதாகவே சொல்லுங்கள். மரியாதைக்காக மட்டும் இல்லை. எந்தத் தூணில் வலை சிக்கிக் கிடக்கிறது, எங்கே முதலை தென்பட்டது, எந்தப் பக்கம் நிலை கொள்ளாது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். "தம்பி, மூன்றாம் தூணுக்குக் கிட்டப் போகாதீங்க, அங்க பழைய வலை கிடக்கு" என்று ஒரு பெரியவர் சொன்னால், அதை வரைபடத்தில் சிவப்பால் குறியுங்கள்.

சாமான்கள்: எஞ்சின் பூட்டிய ஃபைபர் படகு, இரண்டு நங்கூரம், 50 மீற்றர் டேப், மட்டம் பார்க்கும் லெவல் கருவியும் ஸ்டாஃபும் (அளவு குறித்த பலகை), எக்கோ சவுண்டர் (ஒலியை அனுப்பி ஆழம் காட்டும் கருவி), அளவுத்தடி, குத்துகம்பி, 3 முதல் 5 கிலோ ஈயக்குண்டு கட்டிய இழுபடாத கயிறு, மழையில் அழியாத புத்தகமும் பென்சிலும். பேனை வேண்டாம்.

அளவுத்தடியைப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். 1 அங்குல ஜீ.ஐ. குழாய், மூன்று மூன்று மீற்றராக இரண்டு துண்டு, நடுவில் மரையிட்ட இணைப்பு. 10 சென்ரிமீற்றருக்கு ஒரு வளையமாகச் சிவப்பும் வெள்ளையும் பூசுங்கள். அடியில் மாற்றிப் பூட்ட இரண்டு பாதம் தேவை. மணலுக்கும் சேற்றுக்கும் 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தட்டைத் தகடு, கல்லுக்கு அரைக்கோள வடிவப் பாதம். அரைக்கோளத்தின் விட்டம் நடுத்தரக் கல்லின் அளவில் பாதி. வெறும் குழாய் முனையைக் கல்லின் மேல் வைத்தால் அது இடுக்கில் இறங்கி, இல்லாத பள்ளத்தைக் காட்டும். குத்துகம்பி இதற்கு எதிர்மாறானது: 20 மில்லிமீற்றர் குழாய், முனையில் கூர், பாதம் கிடையாது, இறங்குவதுதான் அதன் வேலை.

மட்டத்தைக் கட்டுவது

ஆழம் என்பது தண்ணீர் மேற்பரப்பிலிருந்து எடுப்பது, மேற்பரப்போ அன்றாடம் மாறுவது. போன வருட 4 மீற்றரையும் இந்த வருட 4 மீற்றரையும் நேரடியாக ஒப்பிட முடியாது. அதனால் எல்லா ஆழத்தையும் சராசரிக் கடல் மட்டத்துக்குக் கொண்டுவரவேண்டும்.

பாலத்துக்குப் பக்கத்திலுள்ள நில அளவை மட்டக்குறியிலிருந்து லெவல் கருவியால் ஒரு மட்டத்தைத் தூணின் பக்கச் சுவருக்குக் கொண்டுவாருங்கள். அங்கே ஒரு ஸ்டாஃபை நிரந்தரமாக அறைந்து, அதன் பூச்சிய மட்டத்தைப் புத்தகத்தில் எழுதுங்கள். உதாரணத்துக்குப் பூச்சியம் −0.85 மீற்றர். அளக்கும்போது நீர் 1.20இல் நின்றால் நீர்மட்டம் +0.35. தடி 4.65 ஆழம் காட்டினால் தரைமட்டம் −4.30. இவ்வளவுதான் கணக்கு. பிழை வருவது கணக்கில் இல்லை, ஸ்டாஃபைக் காலையில் ஒருதடவை பார்த்துவிட்டு மாலை வரை அதையே வைத்துக் கணக்கிடுவதில். முகத்துவாரம் திறந்திருக்கும்போது 10 நிமிடத்துக்கு ஒருதடவை நேரத்தோடு எழுதவேண்டும், அதற்கென்றே கரையில் ஒருவரை நிறுத்துங்கள்.

தூணுக்கு எண் கொடுப்பதையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். எந்தக் கரையிலிருந்து எண்ணுகிறோம் என்று எழுதாமல் விட்டால், அடுத்த குழு மறுகரையிலிருந்து எண்ணும். பிறகு இரண்டாம் தூணின் குழி ஏழாம் தூணுக்குப் போய்விடும்.

அளக்கும் ஒழுங்கு

ஒவ்வொரு தூணைச் சுற்றியும் எட்டுத் திசையில் கோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் தூணின் முகத்திலிருந்து 0.5, 1, 2, 3, 4, 6 மீற்றரில் புள்ளி. 1.5 மீற்றர் தூணின் கல்விரிப்பு 3 மீற்றரில் முடியவேண்டும். எனவே 2, 3, 4 ஆகிய மூன்று புள்ளிகளும் ஓரத்தைக் காட்டும். அங்கேதான் முதலில் குலையும், அந்த மூன்றையும் ஒருபோதும் விடாதீர்கள். இவற்றோடு, தூணிலிருந்து குறைந்தது 10 மீற்றர் தள்ளி, அதே வகைத் தரையில் கட்டுப்பாட்டுப் புள்ளி ஒன்று வேண்டும். அது ஏன் என்று கீழே வரும்.

படகை நங்கூரத்தில் மட்டும் விட்டுவிட்டு அளக்காதீர்கள், அது ஆடும். முன்னால் ஒரு நங்கூரம், பின்னால் ஒரு நங்கூரம், நடுவில் தூணைச் சுற்றிக் கட்டிய குறிக்கயிறு. அந்தக் கயிற்றில் மீற்றருக்கு ஒரு நிறத்துணி கட்டியிருந்தால் புள்ளியைத் தேடவேண்டியதில்லை. தூணுக்குக் கிட்டே ஜிபிஎஸ்ஸை நம்பாதீர்கள். பாலத்தின் தளம் வானத்தை மறைப்பதால் அது பல மீற்றர் தள்ளிக் காட்டும்.

ஈயக்குண்டுக் கயிறு ஓட்டத்தில் சாயும். 20 பாகை சாய்ந்தால் 5 மீற்றரில் 30 சென்ரிமீற்றர் கூடுதலாகக் காட்டும். தடி எட்டும் ஆழமெல்லாம் தடிதான், கயிறு அதற்கும் ஆழமான இடத்துக்கு.

எக்கோ சவுண்டர் எங்கே உதவும், எங்கே ஏமாற்றும்

பாலத்துக்கு மேல்பக்கமும் கீழ்பக்கமும் வாவியைக் குறுக்காக வெட்டிப் பார்க்க எக்கோ சவுண்டர் நல்ல கருவி. வாவி முழுவதும் ஆழமாகிறதா, தூணடியில் மட்டும்தானா என்று அது சொல்லும். தூணின் காலடிக்கு அது உதவாது. 20 பாகை விரியும் சாதாரண கருவியின் ஒலிக்கற்றை 5 மீற்றர் ஆழத்தில் ஏறக்குறைய 1.75 மீற்றர் அகலத்தைத் தொடும். அந்த வட்டத்துக்குள் ஆக மேலே இருப்பதையே அது ஆழமாக எடுத்துக்கொள்ளும். ஒடுங்கிய குழியின் விளிம்புதான் பதிவாகும், குழி பதிவாகாது. பக்கத்தில் பைல் இருந்தால் அதில் பட்டுத் திரும்பும் ஒலியையும் தரை என்று எழுதிவிடும். 9 பாகைக் கற்றையில் அந்த வட்டம் 0.8 மீற்றர், ஓரளவு பரவாயில்லை. எப்படியும் தூணிலிருந்து 2 மீற்றருக்குள் தடியையே பாவியுங்கள்.

அடுத்தது ஒலியின் வேகம். நம் ஊர் வெப்பத்தில் நன்னீரில் ஏறக்குறைய செக்கனுக்கு 1505 மீற்றர், கடல்நீரில் 1540க்குச் சற்று மேல். கருவியில் ஒன்றை வைத்து மற்றதில் ஓட்டினால் 6 மீற்றருக்குக் கிட்டத்தட்ட 15 சென்ரிமீற்றர் பிழை. வாவியில் இதைவிடச் சிக்கல். மழைக்குப் பிறகு மேலே நன்னீரும் அடியில் உப்புநீரும் அடுக்காக நிற்கும், புத்தகத்திலுள்ள எண் எதுவும் பொருந்தாது. ஒரே வழி தகட்டுச் சோதனை. ஒரு உலோகத் தகட்டை அளந்த சங்கிலியில் கருவியின் நேர்கீழே 2 மீற்றரிலும் 4 மீற்றரிலும் தொங்கவிட்டு, கருவி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். இரண்டு ஆழத்திலும் ஒரே அளவு பிழையென்றால், கருவி நீருக்குள் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று கொடுத்த எண் பிழை. ஆழம் கூடக் கூடப் பிழையும் கூடினால் ஒலிவேகம் பிழை. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, இடம் மாறினால் இன்னொன்று.

குத்துகம்பி: இந்த வேலையின் உயிர்

ஒவ்வொரு புள்ளியிலும் முதலில் தகட்டுப் பாதத்தோடு தடியை வைத்து மேல்தரையை எழுதுங்கள். பிறகு அதே இடத்தில் குத்துகம்பியை ஒருவர் தன் கைப்பாரத்தால் மட்டும் அழுத்தி, எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். பின் இருவர் சேர்ந்து அழுத்தி, மறுபடி எழுதுங்கள். ஒரு புள்ளிக்கு மூன்று எண்.

இப்போது கட்டுப்பாட்டுப் புள்ளியைப் பாருங்கள். அங்கே இறுகிய மணலில் கம்பி 15 சென்ரிமீற்றர்தான் இறங்குகிறது, தூணின் முன்முகத்தில் 1.2 மீற்றர் சறுக்கிக்கொண்டு போகிறது என்றால், வெள்ளத்தன்று தரை அந்த 1.2 மீற்றருக்குக் கீழே இருந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். வாவியின் உட்பக்கங்களில் தரையே மென்சேறாக இருக்கும், அங்கே கட்டுப்பாட்டுப் புள்ளியிலும் கம்பி ஆழமாகப் போகும். அந்த இடங்களில் வித்தியாசத்தை மட்டும் பார்க்கவேண்டும். கட்டுப்பாட்டுப் புள்ளி இல்லாமல் இந்த எண்களுக்கு அர்த்தமே இல்லை.

கம்பி எதில் முட்டி நின்றது என்பதைக் கையும் காதும் சொல்லும். முழுநிலவில் தோணியில் போய்த் துடுப்பின் ஒரு நுனியை நீரிலும் மறுநுனியைக் காதிலும் வைத்துப் பாடுமீன் கேட்கும் ஊர் இது. குழாயின் மேல்முனையில் காதை வைத்து மெல்லத் தட்டினால் கருங்கல் 'டங்' என்று தெளிவாக அதிரும், மணல் சரசரக்கும், சேறு ஒன்றுமே சொல்லாது. அடைந்த சிப்பி நொறுங்கும் சத்தம் கல்லைப் போல ஏமாற்றும், இரண்டாவது தட்டில் கம்பி சற்று இறங்கினால் அது சிப்பி.

ஒரு இடத்தில் கல்லில் முட்டினால் அதோடு விடாதீர்கள். 30 சென்ரிமீற்றர் நகர்த்தி இன்னும் இரண்டு தடவை குத்துங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நின்றால் அங்கே கல்விரிப்பு இருக்கிறது, மண் மூடியிருக்கிறது, அவ்வளவுதான். ஒன்று நின்று இரண்டு ஆழமாகப் போனால் அது தனியே கிடக்கும் கல், விரிப்பு அங்கே இல்லை. மூன்றும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன, ஆனால் அந்த மட்டம் வரைபடத்தைவிட அரை மீற்றர் கீழே என்றால், விரிப்பு உருளவில்லை, அப்படியே அமிழ்ந்திருக்கிறது. அடிமணல் இடுக்கால் போயிருக்கிறது என்பதற்கு இது நல்ல அடையாளம்.

சுழியோடி இறங்குவது

தடியாலும் கம்பியாலும் சந்தேகம் விழுந்த தூண்களுக்கு மட்டும் சுழியோடியை இறக்குங்கள். எல்லாத் தூணிலும் இறக்குவது வீண் செலவு, வீண் ஆபத்து.

முதலில் ஓட்டத்தை அளக்கவேண்டும். மட்டை உரித்த தேங்காய் ஒன்றைப் போட்டு 10 மீற்றர் போக எத்தனை செக்கன் என்று பாருங்கள். தேங்காய் பெரும்பகுதி அமிழ்ந்து மிதப்பதால் காற்று அதை அதிகம் தள்ளாது. 20 செக்கன் என்றால் செக்கனுக்கு அரை மீற்றர். அதற்கு மேல் ஓடினால் அன்றைக்கு இறக்கவேண்டாம்.

குறைந்தது நாலு பேர் வேண்டும்: இறங்குபவர், அவருடைய கயிற்றைப் பிடிப்பவர், உடுப்போடு தயாராக நிற்கும் மாற்றுச் சுழியோடி, மேற்பார்வையாளர். கலங்கிய நீரில் முதுகுச் சிலிண்டரைவிட மேலிருந்து குழாயால் காற்றும் பேச்சுத் தொடர்பும் கொடுக்கும் முறையே நல்லது, சொல்லச் சொல்ல மேலே எழுதிக்கொள்ளலாம். படகு எஞ்சின் நிறுத்தியிருக்கவேண்டும், சுழியோடி கீழே இருக்கிறார் என்று காட்டும் நீல வெள்ளைக் கொடி ஏற்றியிருக்கவேண்டும். இங்கே ஆளைக் கொல்லக்கூடியது ஆழமல்ல, தூணில் சுற்றிக் கிடக்கும் கைவிட்ட நைலோன் வலை. இரண்டு கத்தி, இரண்டு கையும் எட்டும் இரண்டு இடத்தில். ஆழம் குறைவு என்று மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்துவிடக் கூடாது, 2 மீற்றரிலிருந்து அப்படி வந்தாலும் நுரையீரல் கிழியலாம். வெள்ளநீரில் இறங்குமுன் எலிக்காய்ச்சல் பற்றி வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கையில் காலில் புண் இருப்பவர் இறங்கவேண்டாம். முதலை தென்பட்ட இடமென்று மீனவர் சொன்னால் அன்றைக்கு அந்தத் தூண் இல்லை.

கீழே கண் உதவாது, கைதான். நீர்மட்டத்தில் தூணைத் தொட்டு, தடவிக்கொண்டே இறங்கி, பைல் தலையின் அடிவிளிம்பைக் கண்டுபிடிக்கவேண்டும். விளிம்புக்குக் கீழே கை உள்ளே போகிறதா? போனால் எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம்? பைல் வெளியே தெரிந்தால் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம்? இந்த நாலு எண்ணும் அறிக்கையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானவை. பிறகு முன்முகத்திலிருந்து தொடங்கி, குறிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போய், கல் முடியும் இடத்தைத் தொட்டு, தூரத்தைச் சொல்லவேண்டும். எட்டுக் கோட்டிலும் இதே.

கல்லின் அளவைக் கண்ணால் சொல்லக் கூடாது. முகமூடிக்குள் இருந்து பார்த்தால் நீரில் எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 40 சென்ரிமீற்றர் என்று சொல்லப்படும் கல் 30தான் இருக்கும். அடையாளமிட்ட கோலால் பத்துக் கல்லையாவது நடு அச்சில் (ஆக நீளமான பக்கமும் அல்ல, ஆகக் குறுகிய பக்கமும் அல்ல) அளந்து எழுதுங்கள். வடிதுணியின் ஓரம் கையில் பட்டால், கம்பிக்கூட்டின் கம்பி அறுந்திருந்தால், அந்த இடத்தை மறுபடி தொட்டு உறுதிப்படுத்துங்கள். உப்புநீரில் கம்பிக்கூடு கல்லுக்கு முன்னமே அழியும், கூடு போனால் உள்ளே இருக்கும் சிறுகல் ஒரு மாரியும் தாங்காது.

படம் எடுக்க வேண்டுமென்றால் ஒரு உபாயம் உண்டு. கண்ணாடிப் பெட்டி ஒன்றில் குழாய்த் தண்ணீரை நிரப்பி, ஒரு முகத்தைக் கொங்கிறீற்றோடு ஒட்டி, மறுமுகத்தில் கமராவை வையுங்கள். கலங்கல் நீர் நடுவில் வராது, வெடிப்பு தெளிவாக விழும்.

எண்களைப் படிப்பது

ஒவ்வொரு தூணுக்கும் இரண்டு படம் வரையுங்கள். ஒன்றில் இன்றைய மேல்தரை, மற்றதில் கம்பி நின்ற தரை. முதல் படத்தைப் போன அளவையோடும், இரண்டாவதை வரைபடத்திலுள்ள கல்மட்டத்தோடும் ஒப்பிடுங்கள்.

இழந்த கல்லைக் கணக்கிடுவது எளிது. 1.5 மீற்றர் வட்டத் தூணைச் சுற்றி 3 மீற்றர் விரிப்பு என்றால் பரப்பு ஏறக்குறைய 42 சதுர மீற்றர். சராசரியாக 0.4 மீற்றர் இறங்கியிருந்தால் 17 கன மீற்றர். இடுக்கோடு சேர்த்துக் கன மீற்றருக்கு 1.6 தொன் வைத்தால் 27 தொன். இந்த எண் இல்லாத அறிக்கையை வைத்து யாரும் மதிப்பீடு தயாரிக்க முடியாது.

கல்லின் அளவு போதுமா என்றும் பாருங்கள். தூணடியில் கணிக்கும் ஓட்டத்தின் வேகம் செக்கனுக்கு 2 மீற்றர் என்றால், வட்டத் தூணுக்கு நடுத்தரக் கல் ஏறக்குறைய 19 சென்ரிமீற்றர் வேண்டும், சதுரத் தூணுக்கு 25. வேகம் 3 மீற்றர் ஆனால் வட்டத் தூணுக்கே 43. வேகம் ஒன்றரை மடங்கானால் கல்லின் அளவு இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. 15 சென்ரிமீற்றர் கல்லைக் கொட்டி வைத்திருக்கும் தூண்களில் ஒவ்வொரு மாரியும் கல் காணாமல் போவதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

பைல் தலையின் அடி திறந்திருந்தால், அல்லது கம்பி நின்ற தரை வடிவமைப்பின் அரிப்பு மட்டத்தை நெருங்கியிருந்தால், அறிக்கை எழுதும் வரை காத்திருக்காதீர்கள். அன்றே பொறுப்பான பொறியியலாளருக்குத் தொலைபேசியில் சொல்லி, சொன்ன நேரத்தைப் புத்தகத்தில் எழுதுங்கள். 1987 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஸ்கோஹரி ஓடைப் பாலம் வெள்ளத்தில் விழுந்து 10 பேர் இறந்ததும் இப்படித் தூணடி அரிக்கப்பட்டுத்தான். காவல்கல் குறைந்துபோயிருந்ததை யாரும் சரிசெய்திருக்கவில்லை.

பழுதுபார்க்கும்போது அமிழ்ந்த விரிப்பின் மேல் மேடாகக் கல் குவிப்பதுதான் வழக்கமான தவறு. மேடு நீரோட்டத்தின் வழியை ஒடுக்கி, பக்கத்து இடைவெளியில் ஓட்டத்தைக் கூட்டி, அரிப்பை அடுத்த தூணுக்கு அனுப்பும். கல்லடியில் போல இரண்டு பாலம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இடங்களில் ஒன்றின் தூணில் செய்வது மற்றதையும் தொடும், ஆகவே இரண்டையும் ஒரே அளவையில் எடுக்கவேண்டும். புதிதாகக் கல் போட்டால், போட்டு முடிந்த கிழமையிலேயே அதே எட்டுக் கோட்டில், அதே புள்ளிகளில் மறுபடி அளந்து, ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்குமுன் அந்தப் படத்தைக் கோப்பில் சேருங்கள். அடுத்த மார்ச்சில் ஒப்பிட வேண்டியது அதோடுதான், வரைபடத்தோடு அல்ல.